கூர்நோக்கு இல்லச் சிறாரும் குழந்தைப் பருவ மனக்காயமும்

சட்டத்துக்கு முரண்பட்டவர்கள் என்று பிடிக்கப்பட்டு அரசு இல்லங்களில் வைக்கப்படும் சிறாரிடம் மனநலக் கோளாறுகள் அதே வயதுடைய மற்றவர்களைவிடப் பல மடங்கு மிகுதி. அவர்களில் பெரும்பாலோர் குழந்தைப் பருவத்திலேயே அடி, பட்டினி, பாலியல் அத்துமீறல், பெற்றோரில் ஒருவரின் சாவு, குடியிருந்த இடத்தை இழத்தல் ஆகியவற்றில் ஒன்றையேனும் கடந்து வந்தவர்கள். இந்த இரண்டும் பல நாடுகளின் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப உறுதிப்பட்டவை. தாம்பரத்தையும் அதைச் சூழ்ந்த தென்சென்னைப் புறநகர்களையும் பற்றிப் பேசும்போது மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்தாக வேண்டும்: காயத்தைக் கண்டறிந்து ஆற்ற வேண்டிய காவலே இன்னொரு காயமாகிவிடுவது.

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டுக்கு

2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியானது. 2022 ஜனவரி முதல் தேதி தாம்பரத்துக்கென்று காவல் ஆணையரகம் வந்தது. பல்லாவரத்திலோ குரோம்பேட்டையிலோ தாம்பரம் ரயில் நிலையத்திலோ பிடிபடும் 18 வயது நிரம்பாத ஒருவரை 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. குழுமம் என்பது ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் சேர்ந்த அமர்வு. அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். விசாரணை முடியும்வரை தங்க வைக்கும் இடம் கூர்நோக்கு இல்லம். குற்றச் செயல் உறுதிப்பட்டால் அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறப்பு இல்லம். 16 வயது கடந்தவர் மீது கொடுங்குற்ற வழக்கு இருந்தால் அவருக்குப் ‘பாதுகாப்பு இடம்’ என்ற வேறொரு ஏற்பாடு உண்டு. காகிதத்தில் இத்தனை வேறுபாடுகள் இருந்தாலும் பேச்சு வழக்கில் எல்லாம் ‘ஹோம்’தான். ‘பையனை செங்கல்பட்டு ஹோமுக்கு அனுப்பிட்டாங்க’ என்றால் தாம்பரம் பகுதியில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை.

அந்தச் சொல்லுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே சென்னை மாகாணத்தின் சீர்திருத்தப் பள்ளி செங்கல்பட்டில் அமைந்துவிட்டது. இந்திய மாகாணங்களில் முதலாவதாகச் சென்னை மாகாணம் 1920இல் குழந்தைகள் சட்டத்தை இயற்றியது. வங்காளம் 1922இலும் பம்பாய் 1924இலும் பின்தொடர்ந்தன. சிறாரைப் பெரியவர்களின் சிறையிலிருந்து பிரிக்க வேண்டும் என்பதில் இந்த மண் முன்னோடி. ஆனால் பிரித்த பின் அவர்களை என்ன செய்வது என்ற கேள்விக்கு அன்று கிடைத்த விடை ஒழுங்கு, உழைப்பு, கைத்தொழில் என்பதாகவே இருந்தது. இளைஞர் நீதிச் சட்டமாக 1986, 2000, 2015 என்று மூன்று முறை அது புதிதாக எழுதப்பட்டது. இல்லங்களின் நடைமுறைக்குள் பழைய விடை இன்னும் குடியிருக்கிறது.

மனக்காயம் என்ன செய்கிறது

குழந்தைப் பருவத் துன்பத்தை எண்ணிக்கையாக அளக்கலாம் என்று காட்டியது 1990களில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா ஆகியோர் அமெரிக்காவின் சான் டியேகோவில் நடத்திய ஆய்வு. உடல், மனம், பாலியல் ஆகிய மூவகைக் கொடுமை; புறக்கணிப்பு; வீட்டில் குடி அல்லது போதை; மனநோய்; தாய் அடிபடுவதைப் பார்ப்பது; பெற்றோர் பிரிவு; வீட்டார் ஒருவர் சிறை செல்வது என்று பட்டியலிட்டு, ஒருவர் எத்தனைக்கு ஆளானார் என்று கேட்டார்கள். எண்ணிக்கை ஏற ஏறப் பிற்கால மனச்சோர்வு, தற்கொலை முயற்சி, போதைப் பழக்கம், இதய நோய்வரை எல்லாமே ஏறின. இந்த எண்ணை வைத்துத் தனி ஒருவரின் வருங்காலத்தைக் கணிக்கக் கூடாது என்று ஆண்டாவே 2020இல் எச்சரித்தார். கூட்டத்தின் போக்கைச் சொல்ல உதவும் அளவுகோலைத் தனியொரு சிறுவனின் மேல் வைத்து ‘இவன் தேற மாட்டான்’ என்று முத்திரை குத்தும் ஆபத்து உண்மையானது.

இதற்கு முன்பே குற்றத்தையும் இழப்பையும் இணைத்துப் பார்த்தவர்கள் உண்டு. லண்டன் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி 1944இல் 44 சிறு திருடர்களைப் பற்றி எழுதினார். யாரிடமும் ஒட்டுதல் இல்லாதவர்கள் என்று அவர் வகைப்படுத்திய 14 பேரில் 12 பேர் இளம் வயதில் தாயை நீண்ட காலம் பிரிந்திருந்தவர்கள். மாதிரி சிறியது, எல்லாப் பழியையும் தாயின் பிரிவின் மேல் போட்டதாகப் பின்னர் குறை கூறப்பட்டது. ஆனாலும் திருட்டின் பின்னால் தேட வேண்டியது ஒன்று இருக்கிறது என்பதை அந்த ஆய்வு நிலைநாட்டியது என்பதில் ஐயமில்லை. 1989இல் கேத்தி ஸ்பாட்ஸ் வைடம் இன்னும் கவனமான ஒப்பீட்டைச் செய்தார். நீதிமன்றப் பதிவில் கொடுமைக்கு ஆளானதாக உறுதிப்பட்ட குழந்தைகளையும், அவர்களைப் போன்ற மற்றவர்களையும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார். வளரிளம் பருவத்தில் கைதானோர் முதல் குழுவில் 26 விழுக்காடு, இரண்டாம் குழுவில் 17 விழுக்காடு. வேறுபாடு தெளிவானது. அதே ஆய்வின்படி, கொடுமைக்கு ஆளானவர்களில் நான்கில் மூன்று பேர் அந்த வயதில் கைதாகவே இல்லை. ‘அடிபட்டு வளர்ந்தவன் அடிப்பவனாவான்’ என்ற ஊர்ப்பேச்சுக்கு இந்த இரண்டாவது எண்தான் மறுமொழி.

காயம் உடலில் வேலை செய்யும் விதம் ஓரளவு தெளிவாகியிருக்கிறது. ஆபத்தை உணர்ந்ததும் உடல் கார்ட்டிசால், அட்ரினலின் போன்றவற்றைச் சுரந்து ஓடவோ எதிர்க்கவோ தயாராகிறது. ஆபத்து நீங்கினால் அது தணிய வேண்டும். குடித்துவிட்டு வரும் அப்பாவின் செருப்புச் சத்தத்துக்காக ஒவ்வொரு இரவும் காத்திருக்கும் குழந்தைக்கு அது தணிவதே இல்லை. அச்சத்தைக் கிளப்பும் அமிக்டலா கூர்மையாகிறது. யோசித்து நிதானிக்கும் முன்மூளைப் பகுதியோ இயல்பிலேயே இருபது வயதைத் தாண்டித்தான் முழு வளர்ச்சி பெறுகிறது. இப்படி வளர்ந்த 16 வயதுப் பையனின் தோளைப் பின்னாலிருந்து தொட்டால் அவன் கை முதலில் ஓங்கும். யார் தொட்டது என்ற கேள்வி அதன் பிறகுதான் வரும். அதட்டிக் கேள்வி கேட்டால் சிலர் வெறித்துப் பார்த்தபடி மரத்துப்போய் நிற்பார்கள். முதலாவது ‘ரௌடித்தனம்’ என்றும், இரண்டாவது ‘திமிர், அழுத்தக்காரன்’ என்றும் பதிவாகும். காயத்தின் அறிகுறிகள் அனைத்தும் ஒழுங்கீனத்தின் சொற்களாகவே மொழிபெயர்க்கப்படும் இடம் கூர்நோக்கு இல்லம். தூக்கமின்மை, படுக்கையில் சிறுநீர் கழித்தல், ஒரே நிகழ்வு கண்முன் திரும்பத் திரும்ப வருதல், கையைக் கிழித்துக்கொள்ளுதல் எதற்கும் அங்கே வேறு பெயர் எளிதில் கிடைப்பதில்லை.

எண்கள் சொல்வது

காவலில் உள்ள சிறாரின் மனநலம் பற்றிய உலக ஆய்வுகளைத் திரட்டி 2021இல் வெளியான மதிப்பாய்வு 19 நாடுகளின் 47 ஆய்வுகளையும் 32,000க்கு மேற்பட்ட சிறாரையும் உள்ளடக்கியது. மனச்சோர்வு பையன்களில் சுமார் 10 விழுக்காடு, பெண்களில் 26. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் நோய் முறையே 9, 18. கவனக்குறைவும் மிகை இயக்கமும் சேர்ந்த கோளாறு இரு பாலரிலும் 17 விழுக்காட்டை ஒட்டி வருகிறது. நடத்தைக் கோளாறோ 60 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. இந்தக் கடைசி எண்ணைச் சற்று ஐயத்துடன் பார்ப்பது நல்லது. திருட்டு, பொய், சண்டை, வீட்டைவிட்டு ஓடுதல் ஆகியவற்றைக் கூட்டித்தான் நடத்தைக் கோளாறு என்ற நோய்ப்பெயர் உண்டாகிறது. அவற்றுக்காகவே பிடிபட்டவர்களிடம் அது மிகுந்திருப்பதில் வியப்பில்லை. ஒருமுறை அந்தப் பெயர் எழுதப்பட்டதும் அடியிலிருக்கும் மனஉளைச்சலை யாரும் தேடுவதில்லை என்பதுதான் சிக்கல்.

சிகாகோ மாவட்டத் தடுப்பு இல்லத்தில் நடந்த ஆய்வொன்று (2004) அங்கிருந்த சிறாரில் 92.5 விழுக்காட்டினர் ஒரு பேரதிர்ச்சி நிகழ்வையாவது கண்டவர்கள் என்றது. ஃபுளோரிடாவில் 64,329 சிறாரின் பதிவுகளைப் பார்த்தபோது, குழந்தைப் பருவத் துன்பம் எதுவுமே இல்லாதவர்கள் 2.8 விழுக்காடு மட்டுமே. ஃபெலிட்டியின் ஆய்வில் பொதுமக்களிடையே அது மூன்றில் ஒரு பங்காக இருந்தது.

இந்தியாவில் இந்த அளவுக்குக் கணக்கெடுப்பு இல்லை. மத்திய பெண்கள் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வு, மூன்றில் இரண்டு குழந்தைகள் உடல்ரீதியாக அடிபட்டவர்கள் என்றும், பாதிக்கு மேற்பட்டோர் ஏதோ ஒரு வகைப் பாலியல் அத்துமீறலுக்கு ஆளானவர்கள் என்றும் சொன்னது. பாலியல் அத்துமீறலைச் சொன்னவர்களில் பையன்களே சற்றுக் கூடுதல். பையனுக்கு இது நடக்காது என்று நம்பும் சமூகத்தில் இந்தத் தகவல் போதிய கவனம் பெறவில்லை. 2015–16இல் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு 13 முதல் 17 வயதினரில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு இருப்பதாகக் கணித்தது; அதில் பங்கேற்ற 12 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. ஆனால் அது வீடுவீடாகச் சென்று எடுத்த கணக்கு. இல்லங்களில் இருப்பவர்கள் அதற்கு வெளியே நிற்கிறார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2022இல் சிறார் மீது 30,555 வழக்குகள் என்று பதிவு செய்கிறது. பிடிபட்டோரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் 16 வயதைத் தாண்டியவர்கள். பெற்றோருடன் இருந்தாரா, எதுவரை படித்தார் என்று அந்த ஆவணம் சொல்லும். அடிபட்டாரா என்று அதில் ஒரு கட்டமும் கிடையாது.

புறநகர்

தென்சென்னைப் புறநகரின் தனித்தன்மை, நகரம் தன் ஏழைகளைக் கொண்டுவந்து இறக்கும் எல்லையாக அது இருப்பது. 2000 முதல் கண்ணகி நகர், 2004 ஆழிப்பேரலைக்குப் பின் செம்மஞ்சேரி, பிறகு எழில் நகர், பெரும்பாக்கம் என்று குடிசை மாற்று வாரியத்தின் மறுகுடியமர்வுப் பகுதிகள் வரிசையாக எழுந்தன. 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாறு, கூவம் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரும்பாக்கத்தின் எட்டு மாடிக் கட்டடங்களுக்கு வந்தன. பல வெளியேற்றங்கள் பள்ளி ஆண்டின் நடுவிலேயே நடந்தன. வீட்டு வேலை, மீன் விற்பனை, சுமை தூக்குதல் என்று பழைய இடத்தை ஒட்டியே பிழைப்பு இருந்ததால் தாய் விடியற்காலையில் பஸ் பிடித்து இருபது கிலோமீட்டருக்கு அப்பால் போய் இரவில்தான் திரும்புகிறாள். அத்தை, பாட்டி, எதிர்வீட்டு ஆயா என்று பையனைப் பார்த்துக்கொண்டிருந்த கண்கள் பழைய குப்பத்தோடு போயின. புதிய பிளாக்கில் யார் யார் என்று தெரிவதற்குள் அவனுக்குப் பதினான்கு வயதாகிவிடுகிறது.

குழந்தைப் பருவத் துன்பங்களின் பட்டியலில் வீட்டார் குடி ஒன்று. 2003 முதல் மதுவைச் சில்லறையில் விற்பது அரசின் டாஸ்மாக் நிறுவனமே என்பதால், அந்தத் துன்பத்துக்கு இங்கே ஒரு பொதுக் காரணமும் இருக்கிறது. சிறுவர்களிடம் புழங்குவது வேறு: உதட்டிடுக்கில் வைக்கும் ‘கூல் லிப்’, பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், கஞ்சா, கடந்த சில ஆண்டுகளாக ஊசியில் ஏற்றும் ‘வலி மாத்திரை’. இவற்றைக் கேளிக்கை என்றே காவல்துறைக் குறிப்புகள் காண்கின்றன. தூக்கம் வராத, கனவில் அலறும் ஒருவன் கைக்குக் கிடைத்ததைக் கொண்டு தனக்குத்தானே மருத்துவம் பார்த்துக்கொள்வதாகவும் அதைக் காண முடியும். மாத்திரைக்குப் பணம் வேண்டும். செல்போன் பறிப்பும் பேட்டரித் திருட்டும் அங்கிருந்து தொடங்குகின்றன. தண்டனை குறைவு என்ற கணக்கில் சிறுவர்களை முன்னே அனுப்பும் பெரிய கைகளும் உண்டு. அவர்களைத் தண்டிக்க இளைஞர் நீதிச் சட்டத்தின் 83ஆம் பிரிவு இருந்தாலும், வழக்கு பெரும்பாலும் பையனோடு நின்றுவிடுகிறது.

இல்லத்தில் இருப்பவர்கள் எல்லோரும் இந்த ஒரே வார்ப்பில் வந்தவர்கள் அல்லர். வளரிளம் காதலில் ஊரைவிட்டுப் போய், பெண்ணின் வீட்டார் புகாரால், குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தில் சிக்கிய 17 வயதுப் பையன்களும் அங்கே இருக்கிறார்கள். இத்தகைய வழக்குகள் அந்தச் சட்டத்தின் நோக்கத்துக்குள் வருவன அல்ல என்று சென்னை உயர்நீதிமன்றம் 2021இல் சொன்னது. அவர்களின் மனநிலை வேறு, தேவை வேறு. சிறுமிகளின் எண்ணிக்கை மிகக் குறைவு. அவர்கள் சுமக்கும் காயம் சராசரியாகக் கனமானது என்பதை மேலே தந்த எண்களே காட்டும்.

சட்டம் திறந்து வைத்த வாய்ப்புகள்

காயத்தைக் கண்டறிவதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று சொல்ல முடியாது. பிடிபட்டவுடன் காவல் நிலையத்தின் குழந்தை நல அலுவலர் சமூகப் பின்னணி அறிக்கை எழுத வேண்டும். நன்னடத்தை அலுவலர் இரண்டு வாரத்துக்குள் சமூக விசாரணை அறிக்கை தர வேண்டும். இல்லத்தில் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனிநபர் பராமரிப்புத் திட்டம் எழுதப்பட வேண்டும். மனநோயோ போதைப் பழக்கமோ இருந்தால் குழுமம் அவரைச் சிகிச்சைக்கு மாற்ற 93ஆம் பிரிவு வழி செய்கிறது.

சமூக விசாரணை அறிக்கையின் படிவம் பல பக்கம் நீளும். குடும்ப உறுப்பினர், அவர்களின் தொழில், வீட்டின் நிலை, பள்ளியைவிட்ட காரணம், நண்பர்கள், பழக்கங்கள் என்று போய், சிறுவன் எவ்வகைக் கொடுமைக்காவது ஆளானானா, யாரால் என்றும் கேட்கும். உலக ஆய்வுகள் தேடும் தகவல் எல்லாம் அந்தப் படிவத்திலேயே கேட்கப்படுகிறது. அதை நிரப்புவது எப்படி என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவர், வார்டன் நிற்கும் அறையில், பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ‘யாராவது உன்னைத் தப்பா தொட்டாங்களா?’ என்று கேட்டால் வரும் விடை ‘இல்ல சார்’ மட்டுமே. கட்டத்தில் ‘இல்லை’ என்று விழும். குழுமத்தின் கோப்பில் அது உண்மையாகிவிடும். வீட்டுக்குப் போய், அம்மாவோடும் வகுப்பாசிரியரோடும் பேசி எழுதிய அறிக்கை வேறு மாதிரி இருக்கும். ஒரே நன்னடத்தை அலுவலர் பரந்த மாவட்டத்தின் வழக்குகளையெல்லாம் சுமக்கும்போது அதற்கு நேரம் எங்கே கிடைக்கும்? உளவியல் சோதனைகளைவிட இந்த அலுவலர்களின் எண்ணிக்கையைப் பெருக்குவதே மனநலத்துக்கான முதல் செலவாக இருக்க வேண்டும்.

ஆற்றுப்படுத்துநரிடம் பேசுவதிலும் முடிச்சு உண்டு. போக்சோவின் 19ஆம் பிரிவுப்படி, குழந்தை மீதான பாலியல் குற்றம் பற்றித் தெரிந்தவர் அதைத் தெரிவித்தே தீர வேண்டும்; மறைத்தால் தண்டனை. நல்ல நோக்கத்தில் வந்த விதிதான். ஆனால் சித்தப்பா மீதோ தெரு அண்ணன் மீதோ வழக்குப் பாயும் என்று தெரிந்த பையன் வாயே திறக்க மாட்டான். தன் வழக்கைப் பற்றிச் சொல்வது குழுமத்துக்குப் போகுமோ என்ற அச்சமும் அதோடு சேரும்.

16 வயது கடந்தவர்கள் மீதான கொடுங்குற்ற வழக்கில் இளைஞர் நீதிச் சட்டத்தின் 15ஆம் பிரிவு முதனிலை மதிப்பீடு ஒன்றைக் கேட்கிறது: குற்றத்தைச் செய்யும் மன, உடல் திறன் இருந்ததா, விளைவு புரிந்திருந்ததா, எந்தச் சூழலில் நடந்தது. இதைப் பொறுத்தே பெரியவராகக் கருதி விசாரிப்பதா என்பது முடிவாகும். குழந்தை உளவியல் பயின்றவர் குழுமத்தில் இல்லையென்றால் நிபுணர் உதவி கட்டாயம் என்று உச்சநீதிமன்றம் 2022 ஜூலையில் வந்த தீர்ப்பில் கூறியது. நிபுணர் வந்தாலும், மாதங்களுக்கு முன் ஒரு நொடியில் நடந்த செயலின் மனநிலையை இப்போது ஓர் அமர்வில் அளந்துவிட முடியும் என்ற நம்பிக்கை ஆட்டங்காண்பது. காயம்பட்ட மனத்தில் விளைவை அறிவதும் அந்த நொடியில் தன்னை நிறுத்திக்கொள்வதும் இரண்டு வெவ்வேறு திறன்கள். 15ஆம் பிரிவு பின்னதை வெளிப்படையாகக் கேட்பதே இல்லை.

இல்லத்துக்குள்

2022 டிசம்பர் 29ஆம் தேதி தாம்பரம் ரயில் நிலையப் பகுதியில் திருட்டுக் குற்றச்சாட்டில் ரயில்வே காவலரிடம் பிடிபட்ட 17 வயதுச் சிறுவன் ஒருவன் செங்கல்பட்டு அரசு இல்லத்துக்கு அனுப்பப்பட்டான். 31ஆம் தேதி அவன் உயிருடன் இல்லை. வலிப்பு வந்ததாக முதலில் குடும்பத்தாரிடம் சொல்லப்பட்டது. பிரேதப் பரிசோதனையில் உடலில் பல காயங்கள் தெரியவந்தன. 2023 ஜனவரியில் இல்லக் கண்காணிப்பாளர் உள்ளிட்ட ஆறு பணியாளர்கள் கைது செய்யப்பட்டனர். அவ்வாண்டிலேயே தமிழ்நாடு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்து, அரசு இல்லங்களின் நிர்வாகத்தை முழுவதுமாக ஆராயச் சொன்னது. குழுவின் அறிக்கை 2023 முடிவதற்குள் முதலமைச்சரிடம் தரப்பட்டது. இந்த இல்லங்களை நடத்தும், முன்பு சமூகப் பாதுகாப்புத் துறை என்றிருந்த துறை இப்போது குழந்தைகள் நலன் மற்றும் சிறப்புச் சேவைகள் துறை என்ற பெயரில் இயங்குகிறது.

அந்தச் சிறுவனின் சாவை ஒரு சில பணியாளரின் கொடுமை என்று மட்டும் வைத்துக்கொண்டால் அதன் பொருள் பாதி தவறிப்போகும். முதல் நாட்களே மிக ஆபத்தானவை என்பது உலகெங்கும் தடுப்பு இல்லங்களின் அனுபவம். போதைப் பழக்கம் திடீரென நின்ற உடல், தூக்கமில்லாத இரண்டு இரவுகள், அம்மா வந்தாரா என்று தெரியாத பதற்றம், புதியவனை அளந்து பார்க்கும் பழைய பையன்கள். இந்த நிலையில் அவன் கத்துவான், முறைப்பான், கதவைத் தட்டுவான். அவனைத் தணிக்கத் தெரிந்தவர் பணியில் இருந்தால் அது ஒரு மோசமான இரவோடு முடிந்துவிடும். தணிக்கத் தெரியாதவர் கையில் இருப்பது பிரம்பு.

இல்லத்தின் நேரப்பட்டியலைப் பார்த்தால் உளவியலாளர் வருவது பகலில், வாரத்தில் சில மணி நேரம். காயம் விழித்துக்கொள்வதோ மாலை எண்ணிக்கை முடிந்து, இரும்புக் கதவு பூட்டப்பட்டு, ஒரே கூடத்தில் பல பாய்கள் விரிக்கப்பட்ட பிறகு. பாலியல் அத்துமீறலுக்கு ஆளான பையனுக்குக் கூட்டுப் படுக்கையே அச்சம். பூட்டின் சத்தம் இன்னொருவனுக்குப் பழைய இரவொன்றைக் கிளப்பும். அந்த நேரத்தில் கூடவே இருப்பவர் இரவுக் காவலர், பெரும்பாலும் தொகுப்பூதியக்காரர், எந்தப் பயிற்சியும் தரப்படாதவர். மனநலம் என்றால் மருத்துவர் என்று நினைக்கும் பழக்கம் இங்கே வழிமறிக்கிறது. இல்லத்தில் சிறுவனின் மனநலத்தைத் தீர்மானிக்கும் முதல் ஆள் இரவு வார்டன். ஆனால் 2016 ஜூலையில் சென்னை கெல்லீஸ் கூர்நோக்கு இல்லத்திலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட சிறுவர்கள் தப்பியபோது பேச்சு எல்லாம் மதில் உயரத்தைச் சுற்றியே போயிற்று.

காவலின் விளைவைத் தனியே பிரித்து அளப்பது கடினம். மோசமான பின்னணி உள்ளவர்களே உள்ளே போகிறார்கள் என்ற மறுப்பு எப்போதும் எழும். 2015இல் அன்னா அய்சர், ஜோசப் டாயில் என்ற இரு பொருளியலாளர்கள் சிகாகோவில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். வழக்குகள் நீதிபதிகளுக்குக் குலுக்கல் போலவே ஒதுக்கப்பட்டன. சில நீதிபதிகள் எளிதில் உள்ளே அனுப்பினர், சிலர் தயங்கினர். ஒரே மாதிரியான சிறார் இருவகை நீதிபதிகளிடமும் போனதால் ஒப்பிட முடிந்தது. உள்ளே போனவர்கள் பள்ளிப் படிப்பை முடிக்கும் வாய்ப்பு கணிசமாகக் குறைந்தது. பெரியவரான பின் சிறை செல்லும் வாய்ப்பு அதைவிட அதிகமாக உயர்ந்தது. இந்தியாவின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 12ஆம் பிரிவும் ஜாமீனையே விதியாகவும் காவலை விலக்காகவும் வைத்திருக்கிறது. நடைமுறையில், கையெழுத்துப் போட வரக்கூடிய பெரியவர் இல்லாத பையனே உள்ளே தங்குகிறான். யாருமில்லாதவன் என்பதுதான் அவனுடைய காயமும்.

சிகிச்சை

காயத்தை மையமாகக் கொண்ட அறிவாற்றல்–நடத்தைச் சிகிச்சைக்கு நல்ல சான்றுகள் உண்டு. பன்னிரண்டு முதல் இருபது அமர்வுகளில், முதலில் உடலைத் தணிக்கக் கற்றுத் தந்து, பிறகு நடந்ததைச் சிறிது சிறிதாகச் சொல்ல வைத்து, பராமரிப்பவரையும் சேர்த்துக்கொள்ளும் முறை அது. குடும்பத்தையும் பள்ளியையும் தெருவையும் ஒருசேரக் கையாளும் பன்முக அமைப்புச் சிகிச்சையும் மேலைநாடுகளில் பரவியிருக்கிறது. இரண்டுக்கும் நீண்ட தொடர்பு வேண்டும். கூர்நோக்கு இல்லத்தில் பையன் சில வாரமே இருப்பான். ஆழமான நினைவுகளைக் கிளறிவிட்டுப் பாதியில் அனுப்புவது தீங்கு. எனவே அங்கே செய்யத் தக்கது முதற்கட்ட வேலை: தூக்கத்தைச் சீராக்குதல், போதை நிறுத்தத்தின் உடல் வேதனைக்கு மருந்து, தற்கொலை எண்ணத்தைக் கேட்டறிதல், ஒரே ஆற்றுப்படுத்துநரைத் தொடர்ந்து சந்திக்க வைத்தல். சிறப்பு இல்லத்தின் மாதக்கணக்கான தங்கலில்தான் முழுச் சிகிச்சை சாத்தியம். சேகர் சேஷாத்ரி முதலியோர் நிம்ஹான்ஸில் வளர்த்தெடுத்த அணுகுமுறையில் கதை, நாடகம், ஓவியம், விளையாட்டு வழியாகப் பேச வைத்தலும் பணியாளருக்குப் பயிற்சியும் முக்கிய இடம் பெறுகின்றன. கேள்வித்தாளுக்கு ‘இல்ல சார்’ சொன்ன பையன் கதையில் வரும் பையனைப் பற்றி நிறையவே சொல்வான்.

ஆள் இல்லாத பகுதியல்ல இது. செங்கல்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி 1965 முதல் இருக்கிறது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் ரயில் தூரத்தில் உள்ளன. மாவட்ட மனநலத் திட்டம் உண்டு. 14416 என்ற தொலைபேசி ஆலோசனை 2022 முதல் இயங்குகிறது. தாம்பரத்தில் சமூகப் பணிக் கல்வி அளிக்கும் கல்லூரியும் அதன் மாணவர்களும் இருக்கிறார்கள். இவற்றுக்கும் இல்லத்துக்கும் நடுவே நிலையான இணைப்பு ஒன்றை ஏற்படுத்துவது பணப் பிரச்சினை என்பதைவிட நிர்வாகப் பிரச்சினை. பையனைச் சைரன் வண்டியில் காவலர் சூழ வெளிநோயாளிப் பிரிவுக்குக் கொண்டுவந்தால் சிகிச்சை அங்கேயே முடிந்தது. மருத்துவர் இல்லத்துக்கு வருவதே முறை.

வெளியே வந்த பிறகு

வழக்கு முடிந்ததும் தகுதியிழப்பு எதுவும் ஒட்டக் கூடாது, பதிவுகள் உரிய காலத்துக்குப் பின் அழிக்கப்பட வேண்டும் என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு சொல்கிறது. 18 வயது நிரம்பி இல்லத்தைவிட்டு வெளியேறுவோருக்கு 21 வயதுவரை பின்காப்புத் தர 46ஆம் பிரிவு வழிவகுக்கிறது. பெயரையும் படத்தையும் வெளியிடுவது 74ஆம் பிரிவுப்படி குற்றம். வாட்ஸப்பில் காவல் நிலையப் படங்கள் சுற்றும் காலத்தில் கடைசி விதிதான் முதலில் உடைகிறது. பள்ளி மாற்றுச் சான்றிதழ் தர மட்டும் தயாராக இருக்கும். திரும்பச் சேர்க்கத் தயங்கும். சம்பவம் ஏதாவது நடந்தால் பெரும்பாக்கத்தில் முதலில் தட்டப்படும் கதவு பழைய கேஸ் உள்ளவனுடையது. ஒவ்வொரு தட்டலும் அவனுடைய உடலைப் பழைய விழிப்பு நிலைக்குக் கொண்டுபோகும் என்பதை மனநலப் பார்வையில் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தேறியவர்களைப் பற்றிய ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் வருவது ஒரு பெரியவரின் இருப்பு: விலகாமல் உடன் நின்ற பாட்டியோ, மெக்கானிக் கடை அண்ணனோ, நன்னடத்தை அலுவலரோ. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் பின்காப்பு வேலை இந்த ஆளைக் கண்டுபிடித்துப் பெயர் எழுதுவதில் தொடங்கினால், ஊக்கத்தொகைக்கும் தொழிற்பயிற்சிக்கும் பயன் இருக்கும். விடுதலை நாளன்று அலகு கையளிக்க வேண்டிய தாளில் அடுத்த மனநல சந்திப்பின் தேதி, மருந்து, பள்ளி அல்லது வேலை இடம், அந்தப் பெரியவரின் தொடர்பு எண் ஆகிய நான்கும் இருப்பது, இப்போதைய சட்டத்துக்குள்ளேயே நாளையே செய்யக்கூடிய ஒன்று.